சின்ன போர் துப்பாக்கியும் ஃபெசன்ட் சேவலும்: அமெரிக்கா போகும் கொங்குப் பிள்ளைகளுக்கு

என் அக்காள் மகன் ஆடிப் பதினெட்டு கழிந்ததும் அயோவா மாநிலத்துக்குப் படிக்கப் போகிறான். தாராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு விடைபெற வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கேட்டுவிட்டான்: "மாமா, நீங்கள் அங்கே ஃபெசன்ட் பறவை வேட்டைக்குப் போனவர்தானே? நான் என்ன துப்பாக்கி வாங்குவது?"

தெற்கு டகோட்டாவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். காங்கேயத்திலிருந்தும் கோபியிலிருந்தும் அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். சோளக்காட்டில் வளர்ந்த கால்கள் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டைக் கண்டால் சும்மா நிற்காது. அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இதில் எதுவும் நம் ஊருக்குப் பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இங்கே மயிலும் காட்டுக்கோழியும் கவுதாரியும் தொடக்கூடாதவை. மயில் தக்காளி நாற்றைக் கொத்திப் போட்டாலும் விரட்டத்தான் உரிமை உண்டு. அமெரிக்காவில் ஃபெசன்ட் வேட்டைக்குப் பருவமும் கணக்கும் உரிமச் சீட்டும் உண்டு. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு பறவைகளுக்கான புல்வெளிகளுக்கே திரும்பிப் போகிறது.

என்ன பறவை இது

சில அகராதிகளையும் பழைய ஆங்கிலப் புத்தகங்களையும் பார்த்து இதைச் செம்போத்து என்று நினைப்பவர்கள் உண்டு. செம்போத்து குயில் குடும்பம். ஃபெசன்ட் நம் மயிலுக்கும் கோழிக்கும் பங்காளி. ஆசியாவிலிருந்து கொண்டுபோய் 1880களில் ஆரிகன் மாநிலத்தில் விடப்பட்ட பறவை, நடுமேற்குச் சமவெளிகளில் ஊன்றிக்கொண்டது. தெற்கு டகோட்டா 1943இல் அதை மாநிலப் பறவையாகவே ஆக்கிக்கொண்டது.

சேவலுக்குப் பச்சை மின்னும் தலை, சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம், செம்பொன் உடம்பு, நீண்ட வால். எடை ஒன்றேகால் கிலோ அளவுக்கு வரும். பெட்டை வைக்கோல் நிறம். சேவலைத்தான் சுடலாம், பெட்டையைச் சுட்டால் குற்றம். கிளம்பும்போது சேவல் பெரும்பாலும் கொக்கரிக்கும், பெட்டை சத்தமில்லாமல் எழும். ஆனால் காதை மட்டும் நம்பிச் சுடாதீர்கள். கீழ்வெயிலில் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இரண்டும் ஒரே கறுப்பு உருவமாகத்தான் தெரியும். வெள்ளை வளையம் கண்ணில் படவில்லையென்றால் துப்பாக்கி தோளுக்கு வரக்கூடாது.

முதல் வேலை: காகிதம்

பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கு இருக்கும் விதிவிலக்குகளில் நமக்கு உதவுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே வரிசை மாறக்கூடாது. முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. அயோவாவில் 1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் இந்தச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. அடுத்து உரிமம். அதன் பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். நண்பனுடைய துப்பாக்கியை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, பழகுவதற்காக வானில் எறியும் களிமண் தட்டைச் சுடுவதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில் வரும். "பழகத்தானே போகிறோம்" என்று உரிமம் இல்லாமல் போனால் படிப்பும் விசாவும் ஒருசேரப் போய்விடும். உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விடுதிகள் பெரும்பாலானவற்றில் துப்பாக்கிக்கு இடமில்லை. எங்கே பூட்டி வைப்பது என்பதைத் தீர்மானித்த பிறகே வாங்குங்கள்.

பருவக் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அயோவாவில் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தொடங்கும். காலை 8 மணி முதல் மாலை 4.30 வரை. தெற்கு டகோட்டாவில் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை. இரண்டிலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல். ஒவ்வோர் ஆண்டும் மாநில அரசு வெளியிடும் விதிக் கையேட்டை எடுத்துப் படித்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

போர் கணக்கு

துப்பாக்கிக் குழலின் அளவை நம் ஊரில் போர் என்போம், அங்கே கேஜ் என்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 453 கிராமைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். இருபதாக உருட்டினால் 20 போர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 12 போரின் குழல் விட்டம் 18.5 மி.மீ., 20 போர் 15.6, 28 போர் 14. நானூற்றுப் பத்து (.410) என்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன விட்டம், 10.4 மி.மீ.

சின்ன போர் என்றால் அடி மெதுவாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளைத்தான் ரவை என்கிறோம்; நம்பர் குறையக் குறைய ரவை பெரிது. 20 போரிலிருந்து கிளம்பும் ஆறாம் நம்பர் ரவையும் 12 போரிலிருந்து கிளம்பும் ஆறாம் நம்பர் ரவையும் எடையில் ஒன்றுதான், வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணிக்கைதான் வேறு. 12 போரில் 35 கிராம் தோட்டாவில் ஏறக்குறைய 280 ஈய ரவைகள் இருக்கும். 20 போரில் 28 கிராம், 225 ரவை. 28 போரில் 21 கிராம், 170க்குக் கொஞ்சம் குறைவு. நானூற்றுப் பத்தின் சிறிய தோட்டாவில் 14 கிராம், 110 சொச்சம்.

விதைக்கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையில் விதை குறைந்தால் சிறிய வயலில்தான் அடர்த்தியாக விதைக்க முடியும். ரவை தூரம் போகப் போக விரிந்துகொண்டே போகும். எண்ணிக்கை குறைந்த தோட்டாவில் நடுவே ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குள் சிக்கும் சேவல் இரண்டு ரவையோடு பறந்துபோய் எங்கோ புல்லுக்குள் விழுந்து இரண்டு நாள் துடித்துச் சாகும்.

என் முதல் பருவத்தில் எனக்கு அது நடந்தது. இலேசாக இருக்கிறதே என்று நானூற்றுப் பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்பது கஜத்துக்கு அப்பால் எழுந்த சேவலைச் சுட்டேன். கால் ஒன்று தொங்கியது, பறவை நிற்கவில்லை. இருட்டும் வரை அந்தப் புல்லைக் காலால் விலக்கிக்கொண்டே நடந்தேன். கிடைக்கவில்லை. அந்தத் தொங்கிய கால் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதியவன் கையில் நானூற்றுப் பத்து இருக்கக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். அது பழுத்த கைகளுக்கான துப்பாக்கி. 28 போர் அழகானது. நான்கு பருவம் கழித்து வாங்குங்கள். முதல் துப்பாக்கி 20 போராக இருக்கட்டும்.

20 போர் பெரும்பாலும் மூன்று கிலோவுக்குள் நிற்கும். 12 போர் அதற்கு மேல் கால், அரைக் கிலோ கூடும். கடையில் அது ஒன்றுமில்லை. முழங்கால் புல்லில் பத்துக் கிலோமீட்டர் நடந்த பிறகு, பறவை எழும் அந்த ஒரு நொடியில், சோர்ந்த கை எதைச் சட்டென்று தூக்கும் என்பதுதான் கேள்வி. ஆனால் இலேசான துப்பாக்கியில் கனமான தோட்டாவைப் போட்டால் தோளை இடிக்கும். 76 மி.மீ. நீளத் தோட்டாவை வாங்கிப் பெருமைப்பட வேண்டாம், 70 மி.மீ. தோட்டா, 28 கிராம், ஐந்தாம் அல்லது ஆறாம் நம்பர் ஈய ரவை போதும்.

மத்திய அரசு நீர்ப்பறவைகளுக்காக வைத்திருக்கும் பொதுநிலங்களில் ஈய ரவை கூடாது. எஃகு ரவை அல்லது பிஸ்மத் என்னும் உலோக ரவை வேண்டும். எஃகு ஈயத்தைவிட இலேசு, அதனால் இரண்டு நம்பர் பெரிய ரவையாக எடுக்க வேண்டும். ஐந்துக்குப் பதில் மூன்று. தாத்தா காலத்துத் துப்பாக்கியில் எஃகு ரவையைப் போடாதீர்கள், குழல் கெட்டுவிடும்.

20 போர் தோட்டாவின் உறை மஞ்சள் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 20 போர் தோட்டா தவறி 12 போர் துப்பாக்கிக்குள் போனால் குழலுக்குள் நழுவிப் போய் நடுவழியில் சிக்கி நிற்கும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடித்து இடக்கை போய்விடும். இரண்டு போர் தோட்டாக்களும் ஒரே பையில், ஒரே வண்டித் தட்டில்கூட இருக்கக்கூடாது.

இங்கேயே பழகக்கூடியது

விமானம் ஏறுவதற்கு முன்னால் துப்பாக்கியே இல்லாமல் பாதி வேலையை நம் தோட்டத்தில் முடித்துவிடலாம். மாப்பிள்ளைக்கு முதலில் கண்ணைச் சோதித்தேன். இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரத்துத் தென்னங்குலையை விரலால் சுட்டச் சொன்னேன். பிறகு இடக்கண்ணை மூடு என்றேன். விரல் குலைமேலேயே நின்றால் வலக்கண் ஆளுகிறது. விரல் விலகி மட்டைக்குப் போய்விட்டால் இடக்கண் ஆளுகிறது. வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் சுட்டதெல்லாம் பக்கவாட்டில் போகும். இடத்தோளில் வைத்துப் பழகுவது நல்லது. தொடக்கத்தில் மாற்றிக்கொள்வது எளிது.

அடுத்து மூன்றே முக்கால் அடி மூங்கில் கம்பு ஒன்று, அதன் நுனியில் கட்டிய சிறிய டார்ச். ராத்திரி ஓட்டு வீட்டின் விட்டத்தைப் பார்த்து நில்லுங்கள். கம்பை இடுப்பிலிருந்து கன்னத்துக்குக் கொண்டுவந்து வெளிச்ச வட்டத்தை விட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிந்தாமல் இழுக்க வேண்டும். கம்பு கன்னத்துக்கு வர வேண்டும், கன்னம் கம்புக்குக் குனியக்கூடாது. கண் வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது, விட்டத்தையே பார்க்க வேண்டும். முதல் ராத்திரி அவனுடைய வெளிச்சம் ஓட்டுக்கும் சுவருக்குமாகத் தாவியது. ஐந்தாம் ராத்திரி பல்லி ஒன்றைத் தொடர்ந்து நிதானமாக ஊர்ந்தது.

விடியற்காலையில் அதே கம்போடு சோளக்காட்டு வரப்பில் நடந்தோம். மயில்கள் சோளத்தட்டுக்குள்ளிருந்து கிளம்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் ஓடும், ஓட இடமில்லாதபோதுதான் எழும். ஃபெசன்ட்டும் அப்படியே. எழும்போது வால் முழுதும் விரிந்து தொங்கும். கண் தானாக வாலுக்குப் போய்விடும். ஃபெசன்ட் சேவலின் நீளத்தில் ஏறக்குறைய பாதி வால்தான். வாலைப் பார்த்துச் சுடுகிறவனுக்கு இறகுதான் மிஞ்சும். "கொண்டையைப் பார், கண்ணு. கொண்டையை மட்டும் பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கம்பு வாலிலிருந்து உடம்பைத் தாண்டி அலகுக்கு முன்னால் போக வேண்டும், போய்க்கொண்டே இருக்கும்போதுதான் விசை. கம்பை நிறுத்திவிட்டு விசையை இழுத்தால் ரவை பின்னால் போகும்.

தூரமும் இங்கேயே பழகலாம். நம் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி. நான்கு இடைவெளி நூறு அடி, அதாவது 33 கஜம். 20 போருக்கு என் எல்லை அதுதான். 28 போருக்கு மூன்று இடைவெளி. தோப்பில் நின்று நான்காவது இடைவெளி முடியும் மரத்தடியில் ஒரு கோழியை விட்டுப் பாருங்கள். அந்த உருவ அளவு மனத்தில் பதியட்டும். அதைவிடச் சிறியதாகத் தெரியும் சேவல் எவ்வளவு அழகாகப் பறந்தாலும் பறந்து போகட்டும்.

அங்கே போனதும், வேட்டைக்கு முன்

துப்பாக்கி வாங்கிய வாரத்திலேயே காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. நான்கடி அகலக் காகிதத்தை நூறடி தூரத்தில் கட்டி நடுவில் ஒரு முறை சுட வேண்டும். அடர்த்தியான இடத்தைச் சுற்றி இரண்டரை அடி விட்டத்தில் வட்டம் போட்டு ஓட்டைகளைப் பாருங்கள். விரித்த கை இரண்டு வைக்கும் அளவுக்கு வெறுமை இருந்தால் அந்தத் தோட்டாவும் அந்த சோக்கும் ஒத்துப்போகவில்லை. சோக் என்பது குழல் வாயின் இறுக்கம்; திருகி மாற்றிக்கொள்ளலாம். குறைந்த இறுக்கத்திலிருந்து தொடங்கி இரண்டாம் நிலை வரை போனால் போதும். முழு இறுக்கம் புதியவருக்குப் பகை. அருகில் எழும் சேவலைத் தவறவிடச் செய்யும், பட்டால் கறியைச் சல்லடையாக்கும்.

பிறகு களிமண் தட்டு. 11 செ.மீ. அகலத் தட்டு, ஒரு சுற்றுக்கு 25. நான்கைந்து சுற்றாவது சுட்டுவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

காட்டில்

அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடும் அதை ஒட்டிய உயரப் புல்லும் சேரும் ஓரத்தில்தான் பறவை இருக்கும். அந்தப் புல்வெளியை முதல்முறை பார்த்தபோது எனக்குக் காங்கேயத்துக் கொரங்காடு, நம் மேய்ச்சல் நிலம், நினைவுக்கு வந்தது. கிளுவை வேலி மட்டும் இல்லை. தனியார் நிலமென்றால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள். சொல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைப்பவனை நம் அப்பாமார் எப்படிப் பார்ப்பார்களோ, அந்த ஊர்க் குடியானவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். திரும்பும்போது ஒரு சேவலைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த ஆண்டு அவர்களே கூப்பிடுவார்கள்.

ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போடுங்கள். அயோவாவில் ஆரஞ்சு உடை ஒன்றாவது போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாயமில்லாத இடத்திலும் போடுங்கள். வரிசையாக நடக்கும்போது யார் எங்கே என்று வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். பாதுகாப்புப் பூட்டு பறவை எழுந்த பிறகே விலக வேண்டும். சேவலுக்கும் தரைக்கும் நடுவே வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். தாழப் பறப்பதன் பின்னால் நாய் இருக்கும், எதிர்முனையில் காத்து நிற்கும் ஆள் இருப்பான். உங்கள் முன்பக்கத்தைத் தாண்டிப் பின்னால் போகும் பறவையைக் குழலோடு சுற்றித் தொடராதீர்கள். 2006 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி டெக்சஸில் காடை வேட்டையின்போது பறவையைத் தொடர்ந்து திரும்பி, தன்னோடு வந்த 78 வயது வழக்கறிஞரைச் சுட்டுவிட்டார். முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவை. ஒரு ரவை இதயத்தருகே போய் அவருக்குச் சிறிய மாரடைப்பே வந்தது, பிழைத்துக்கொண்டார். செனி கையில் இருந்தது 28 போர். சின்ன போர் விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சேவல் விழுந்ததும் அடுத்ததைத் தேடாதீர்கள். விழுந்த இடத்தில் ஒரு புல்லை, ஒரு செடியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பார்வையை எடுக்காமல் நேராக நடக்க வேண்டும். தலை நிமிர்ந்தபடி விழுந்த சேவல் ஓடும். முடிந்தால் நாய் வைத்திருப்பவரோடு மட்டும் போங்கள்.

வீடு சேரும் வரை சேவலின் காலையோ தலையையோ வெட்டிவிடாதீர்கள். சேவல்தான் என்பதற்கு அடையாளமாக அதிகாரி கேட்பார்.

அடுப்பில்

இறைச்சி நம் நாட்டுக்கோழி போலக் கொழுப்பில்லாதது, சீக்கிரம் வறண்டுவிடும். பள்ளிபாளையம் முறை அதற்குப் பிறந்ததுபோல ஒத்துப்போகும்: கிள்ளிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாய் நறுக்கிய தேங்காய், மூடிவைத்து மெல்லிய தீ. தொடைக்கறி முதலில், மார்புக்கறி கடைசியில். அதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கறுத்துக் கன்றிய இடத்தில் ஒரு சிறிய துளை இருக்கும், அதற்குள் இறகு நுழைந்திருக்கும், இறகின் முனையில் ரவை இருக்கும். சுற்றியுள்ள கறியோடு சேர்த்து வெட்டி எறிந்துவிடுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் ஈயம் தட்டுக்கு வரக்கூடாது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வேட்டைக் கோட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். உயிர்த் தோட்டா ஒன்று பையில் கிடந்தாலும் நம் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குதான். ஒருமுறை நான் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு, பையெல்லாம் உதறிவிட்டேன் என்று நம்பிக் கோட்டை மடித்தபோது விளிம்பில் ஏதோ உருண்டது. பையின் தையல் பிரிந்து உள்துணிக்குள் இறங்கியிருந்தது ஒரு மஞ்சள் தோட்டா. அந்த நேரத்துக்கே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, கோட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.